கட்டண டர்ஃபா, மாநகராட்சி மண் திடலா?

இரண்டு வருடம் கட்டண டர்ஃபில், அதாவது செயற்கைப் புல் திடலில், கால்பந்து ஆடினோம். இந்த ஜனவரியில் எங்கள் பகுதி மாநகராட்சித் திடலுக்கு மாறினோம். நாங்கள் என்றால் நண்பர்கள் பன்னிரண்டு பேர், அப்புறம் என் பதிமூன்று வயது மகள். மாறியதற்குக் காரணமே அவள்தான். வாரத்துக்கு ஒரு ராத்திரி ஆடுகிற எங்களுக்கு டர்ஃப் போதும். பள்ளிக்கூடம் விட்டு வந்து தினமும் பந்து உதைக்க வேண்டிய பிள்ளைக்கு அது கட்டுப்படியாகவில்லை. நாங்கள் இருப்பது வட சென்னையில். ‘குட்டி பிரேசில்’ என்று பெயர் வாங்கிய வியாசர்பாடி பக்கத்தில்தான் இருக்கிறது. கால்பந்து வீரர் தனபால் கணேஷ் அங்கிருந்து கிளம்பித்தான் ‘சென்னையின் எஃப்சி’ என்ற தொழில்முறை அணி வரை போனார். அப்படிப்பட்ட பகுதியில் ஒரு பிள்ளை ஆட இடம் தேடி நாங்கள் அலைந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். என் மனம் மண் திடல் பக்கம் சாய்ந்துவிட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டர்ஃபில் நல்லது எது என்று எல்லாருக்கும் தெரியும். போனில் பதிந்தால் அந்த ஒரு மணி நேரம் நம்முடையது. சுற்றிலும் வலை இருப்பதால் பந்து ரோட்டுக்கு ஓடாது. விளக்கு, குடிநீர், கழிப்பறை எல்லாம் உண்டு. நவம்பர் மழை விட்டு அரை மணியில் இறங்கி ஆடலாம். அதே மழைக்கு மண் திடலில் மூன்று நாள் காத்திருக்க வேண்டும். இதிலெல்லாம் டர்ஃப்தான் மேல்.

அரசு விளையாட்டரங்கங்களையும் பார்த்தோம். பெரியமேட்டில் நேரு விளையாட்டரங்கம் 1993இல் வந்தது. 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காக வேளச்சேரியில் நீச்சல் குளம் கட்டினார்கள். போட்டிக்கும் தீவிரப் பயிற்சிக்கும் இப்படிப்பட்ட இடங்கள் கட்டாயம் வேண்டும். ஆனால் சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர், வார்டு 200. நாலரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு, பஸ் ஏறி, ஆறு மணிக்கு அரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்து, எட்டு மணிக்கு வீடு திரும்பி வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளை எத்தனை நாள் தாங்கும்? பத்து நிமிடம் நடந்து போகிற தூரத்தில் ஓர் இடம் வேண்டும். அதனால் மிஞ்சியவை இரண்டுதான்.

காசுக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாங்கள் கொடுத்தது வார நாளில் மணிக்கு 1,200 ரூபாய், சனி ஞாயிறு இரவில் 1,600. பன்னிரண்டு பேர் பங்கு போட்டால் தலைக்கு 133 ரூபாய். சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மகளை அங்கேயே ஒரு பயிற்சிக் குழுவில் சேர்த்தபோது மாதக் கட்டணம் தனியாகக் கட்டினோம். அவளோடு பள்ளியில் ஆடும் ஐந்து பிள்ளைகளில் ஒருத்தி வீட்டில்கூட அதைக் கட்ட முடியவில்லை. “அப்பா, நான் மட்டும் போய் யாரோட ஆடறது?” என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனாலும் இரண்டு இடத்தையும் பிரித்துக் காட்டுவது காசை விடப் பராமரிப்புதான் என்பது இந்த எட்டு மாதத்தில் எனக்குப் புரிந்தது.

டர்ஃப் என்பது பிளாஸ்டிக் இழை விரிப்பு. அடியில் ஜல்லி, இழைகளுக்கு நடுவே சிலிக்கா மணல், அதன்மேல் பழைய டயரை அரைத்த கறுப்பு ரப்பர்த் துகள். இந்தத் துகள்தான் இழையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு காலுக்கு மெத்தென்று இருக்கிறது. ஆட ஆட அது சிதறும். மகளின் ஷூவைக் கவிழ்த்தால் கடுகு மாதிரி கொட்டும். சாக்ஸ் மடிப்பில், வாஷிங் மெஷின் வடிகட்டியில், கட்டில் அடியில் எல்லாம் கிடக்கும். சிதறியதை மறுபடி நிரப்ப வேண்டும். இழை படுத்துவிடாமல் அடிக்கடி பிரஷ் போட்டு இழுக்க வேண்டும். நாங்கள் ஆடிய இடத்தில் இதைச் சரியாகச் செய்யவில்லை. இரண்டாம் வருடம் கோல் போஸ்ட் முன்னால் இழை படிந்து சிமென்ட் தரை போல ஆகிவிட்டது. இரண்டு விரிப்பு சேரும் ஒட்டு ஓரிடத்தில் விட்டு, அதில் ஷூ மாட்டி நண்பர் ஒருவருக்குக் கணுக்கால் பிசகியது. அதன்பிறகும் ஒரு மாதம் அந்த இடத்தில் டேப் ஒட்டித்தான் வைத்திருந்தார்கள்.

நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் விரிப்புக்கு ஆயுள் எட்டுப் பத்து வருடம். அதற்குப் பிறகு மொத்தமாகச் சுருட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். அந்தப் பெரிய செலவு ஒரே நாளில் வந்து நிற்கும். தனியார் என்றால் முதல் நாளிலிருந்தே அதைக் கட்டணத்தில் சேர்த்து வாங்கிவிடுவார். இலவசத் திடலில் மாநகராட்சி அதை எங்கிருந்து எடுக்கும்? எடுக்க முடியாதபோது கட்டணம் என்ற பேச்சு தானாக வரும். 2024 அக்டோபரில் அதைத்தான் பார்த்தோம். மாநகராட்சியின் ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று மாமன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்றதில் எனக்குப் பெரிய நிம்மதி. மாதம் 22 நாள், தினம் ஒரு மணி நேரம் என்றால் ஒரு பிள்ளைக்கு 2,640 ரூபாய் ஆகியிருக்கும். ஆனால் அந்த விரிப்புகள் தேய்ந்து முடியும் வருடம் இதே கேள்வி மறுபடி வரும் என்ற பயம் எனக்கு இருக்கிறது.

ரப்பர்த் துகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அது மழைநீரோடு கால்வாய்க்குப் போகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் நுண்பிளாஸ்டிக்குக் கட்டுப்பாடு கொண்டு வந்தபோது, செயற்கைப் புல்லில் போடும் இந்தத் துகளையும் அதில் சேர்த்து, எட்டு வருட அவகாசம் கொடுத்திருக்கிறது. வெயிலையும் சொல்ல வேண்டும். ஏப்ரல், மே மாதம் நாலு மணிக்கு டர்ஃபில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், சுடும். பிள்ளைகள் இறங்க ஐந்தரை ஆகிவிடும்.

மண் திடலுக்கும் பராமரிப்பு வேண்டும், தினம் தினம் வேண்டும். ஆனால் அது சின்னச் சின்ன வேலையாக வருகிறது, கையால் செய்து முடித்துவிடலாம். எங்கள் திடலில் ஒரு காவலாளி இருக்கிறார், அறுபதைத் தாண்டியவர். மூன்றரை மணிக்கு ஓஸ் பைப்பை எடுத்து, கட்டைவிரலால் வாயை அழுத்தி, விசிறி மாதிரி தண்ணீர் தெளித்துக்கொண்டே குறுக்கும் நெடுக்கும் நடப்பார். முதல் நாள் நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். “தண்ணி தெளிச்சாத்தான் தம்பி மண்ணு உக்காரும். இல்லன்னா புழுதியெல்லாம் புள்ளைங்க நெஞ்சுல போயி உக்காரும்” என்றார். அடியில் ஆணியால் ஓட்டை போட்ட பால் பவுடர் டப்பாவில் சுண்ணாம்புத் தூளை நிரப்பி, தட்டிக்கொண்டே நடந்து கோடு போடுவார். கோணலே இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் எல்லாரும் ஒரு கோலிலிருந்து அடுத்த கோல் வரை வரிசையாக நடந்து கல்லும் பாட்டில் சில்லும் பொறுக்குவோம், இருபது நிமிட வேலை. மழைக்காலம் முடிந்ததும் செம்மண்ணும் கிராவலும் இரண்டு லோடு அடித்து, பள்ளத்தில் நிரவி, ரோலர் ஓட்டினால் அந்த வருடம் ஓடிவிடும். பள்ளம் விழுந்த இடத்தை மட்டும் சரிசெய்தால் போதும், மொத்தத்தையும் மாற்ற வேண்டியதில்லை. எட்டாவது வருடம் பெரிய பில் எதுவும் வராது. அதனால்தான் மண் திடலை இலவசமாகவே வைத்திருக்க முடியும் என்று நம்புகிறேன்.

ஆனால் இந்த வேலையைச் செய்ய ஓர் ஆள் இருக்க வேண்டும். அந்த ஆள் இல்லாத திடல் எப்படி ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் இதைவிடப் பெரிய திடல் ஒன்று இருக்கிறது. அங்கே குழாய் இணைப்பு இல்லை, ஆளும் இல்லை. ஓரத்தில் கட்டட இடிபாட்டைக் கொட்டி, அப்புறம் வேன் நிறுத்தி, இப்போது பாதித் திடல்தான் மிச்சம். திடல் திறப்பு விழாவுக்குக் காட்டுகிற அக்கறையில் கொஞ்சத்தைக் காவலாளி சம்பளத்துக்கும் தண்ணீர் இணைப்புக்கும் காட்டினாலே போதும்.

எனக்குச் சரியாகத் தெரியாததையும் சொல்லிவிட வேண்டும். மாநகராட்சியின் செயற்கைப் புல் திடல்களில் நான் நாலைந்து தடவைதான் ஆடியிருக்கிறேன். ஆடிய வரை தரை நன்றாகவே இருந்தது. பதினொரு பேர் ஆடும் முழு அளவுத் திடலைப் பராமரித்த அனுபவம் எங்களுக்கு இல்லை, எங்களுடையது ஏழு பேர் ஆடும் அளவுதான். பெண் பிள்ளைகள் விஷயத்தில் மண் திடலை முழு மனதோடு பரிந்துரைக்க என்னால் இன்னும் முடியவில்லை. எங்கள் திடலில் கழிப்பறை இருக்கிறது, பாதி நாள் பூட்டு தொங்குகிறது. ஆறரைக்கு மேல் ஒரே ஒரு கம்பத்தில்தான் வெளிச்சம். கிரிக்கெட் ஆடும் பெரிய பையன்கள் முதல் இரண்டு வாரம் இடம் விடவில்லை. காவலாளி அவர்களிடம் பேசி, ஐந்திலிருந்து ஆறரை வரை கிழக்குப் பாதி பெண் பிள்ளைகளுக்கு என்று பிரித்துக் கொடுத்தார். அவர் இல்லாத நாளிலும் அது நிலைக்குமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. இப்போது ஒன்பது பிள்ளைகள் வருகிறார்கள். டர்ஃப் பயிற்சிக் கட்டணம் கட்ட முடியாத அந்த ஐந்து பேரும் அதில் உண்டு.

மாதம் ஒரு தடவை சனிக்கிழமை இரவு நண்பர்களோடு டர்ஃபுக்கும் போகிறோம், மழை மாதத்தில் அதிகம் போக வேண்டியிருக்கும். தினப்படி ஆட்டம் மண்ணில்தான்.

இப்போது ஆவணி. திடலின் தெற்கு மூலையில் போன வருடம் கார்த்திகை முடியும்வரை தண்ணீர் நின்றதாக அந்தக் காவலாளி சொன்னார். அங்கிருந்து தெரு வடிகால் வரை முப்பதடி நீளத்துக்கு ஒரு கால்வாய் வெட்டித் தரச் சொல்லியும், இன்னொரு விளக்குக் கம்பம் கேட்டும் வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுத்திருக்கிறோம். ஒன்பது பிள்ளைகளும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஐப்பசி பிறப்பதற்குள் வெட்டிவிட்டால் இந்த மழையிலும் கிழக்குப் பாதியில் ஆடலாம்.