கடலோர ரிமோட் நிலையத்துக்குப் பெட்டி செய்யக் கொடுக்கும் ஹாம் நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சென்னையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் எல்.இ.டி. விளக்குகளும் இன்வெர்ட்டர்களும் எழுப்பும் இரைச்சலில் 40 மீட்டர் அலைவரிசையைக் கேட்கவே முடியாமல் போனதால், கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே உறவினரின் தோப்பில் என் ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) நிலையத்தை அமைத்து, வீட்டிலிருந்தே இணையத்தின் வழியாக இயக்கி வருகிறேன். 100 வாட் டிரான்ஸீவர் (அலைகளை அனுப்பவும் வாங்கவும் செய்யும் கருவி), பவர் சப்ளை, ஆன்டெனா ட்யூனர் மூன்றும் திறந்தவெளியில் நிற்கும் ஓர் இரும்புப் பெட்டிக்குள் இருக்கின்றன. அந்தப் பெட்டியைச் செய்து பொருத்தியவர் என்னை ஏமாற்றிய விதத்தை, இதே வேலையை யாரிடமாவது ஒப்படைக்கவிருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

தூசியும் பீய்ச்சும் நீரும் உள்ளே புகாத ஐ.பி.65 தரம், சூடு ஏறினால் தானாக ஓடும் மின்விசிறி, ஈரம் படியாமல் காக்கும் ஹீட்டர், துருப்பிடிக்காத எஃகுத் திருகுகள் என்று சொல்லி 34,000 ரூபாய் வாங்கினார். "உள்ளே ஒரு சொட்டு ஈரம் வந்தாலும் நான் பொறுப்பு சார்" என்றார். ரசீதிலோ "பேனல் பெட்டி 1, பொருத்துக்கூலி" என்பதைத் தவிர வேறெதுவும் இல்லை.

மே மாதத்தில், நண்பகல் நேரங்களில் டிரான்ஸீவர் தன் திறனைத் தானே குறைத்துக்கொள்ளத் தொடங்கியது. அக்னி நட்சத்திரத்தில் எல்லாப் பெட்டியும் இப்படித்தான் இருக்கும் என்று அவர் சொன்னதை நம்பினேன். 13.8 வோல்ட்டில் 20 ஆம்பியர் இழுக்கும் கருவி ஆன்டெனாவுக்கு அனுப்புவது 100 வாட்தான். மீதி 170 வாட்டுக்கு மேல் வெப்பமாகப் பெட்டிக்குள்ளேயே தங்குகிறது. கணினி வழியே குறுஞ்செய்திகளைப் பரிமாறும் எஃப்.டி.8 முறையில் ஏறக்குறைய பாதி நேரம் ஒலிபரப்பிக்கொண்டிருந்ததால், அவருடைய விளக்கம் எனக்குப் பொருத்தமாகவே பட்டது.

நவம்பர் மழையில் எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பும் திறன் ஆன்டெனாவுக்குப் போகாமல் திரும்பி வருவதைக் காட்டும் அளவு) நாளுக்கு நாள் ஏறி, ஒரு நாள் பவர் சப்ளையும் நின்றுபோனது. நேரில் போய்க் கதவைத் திறந்தபோது பெட்டியின் மேல்தகட்டின் உட்புறத்தில் நீர் கோத்து நின்றது. கனெக்டர்களில் பச்சைப் பூப்பு ஏறியிருந்தது. திருகுகள் துருவேறிக் கழற்ற வராமல் இறுகியிருந்தன. ஹீட்டர் இருந்தது, ஆனால் அதற்கு மின் இணைப்பே கொடுக்கப்படவில்லை.

எல்லாவற்றையும்விட என்னை அதிரவைத்தது தெர்மோஸ்டாட். பேனல்களில் வழக்கமாகப் போடும் சிறு தெர்மோஸ்டாட்டுகளில் சிவப்புக் குமிழ் உள்ளது ஹீட்டருக்கு, நீலக் குமிழ் உள்ளது விசிறிக்கு. சிவப்பு வகை சூடு ஏறியதும் இணைப்பைத் துண்டிக்கும். நீல வகை சூடு ஏறியதும் இணைக்கும். இவர் சிவப்பை விசிறிக்குப் பொருத்திவிட்டார். ஆகவே, வெயிலில் பெட்டி கொதித்த வேளையில் விசிறி நின்றுபோயிருக்கிறது. இரவு முழுவதும் ஓடி, உப்பு கலந்த கடற்காற்றைக் குளிர்ந்த தகட்டின் மேல் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. விசிறிக்காக வெட்டிய துளையில் வடிகட்டிகூட இல்லாததால், ஐ.பி.65 என்ற தரம் அந்தத் துளையை வெட்டிய அன்றே போய்விட்டது.

கனெக்டர்களைச் சுற்றி அவர் பூசிய சிலிக்கானும் தவறான வகை. பொருத்திய அன்று வினிகர் வாடை அடித்தது எனக்கு நினைவிருக்கிறது. உலரும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிட்டுச் செம்பை அரிக்கும் வகை அது; மின் இணைப்புகளுக்கு அமிலம் வெளியிடாத நியூட்ரல் வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

படங்களை அனுப்பியதற்கு, "கடற்கரையில் வைத்தால் எதுவும் நிற்காது" என்று பதில் வந்தது. பிறகு அழைப்பையே எடுக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிட நினைத்தபோது, அவர் வாயால் சொன்ன எதையும் நிரூபிக்க என் கையில் எழுத்து இல்லை என்பது உறைத்தது. பணம் இன்னும் திரும்பவில்லை.

இப்போது நீல தெர்மோஸ்டாட்டை விசிறிக்கும் சிவப்பை ஹீட்டருக்கும் மாற்றி, துளைக்கு வடிகட்டி போட்டு, பெட்டிக்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டு நிழல்கூரை அமைத்திருக்கிறேன். கேபிள்கள் நுழையுமுன் கீழ்நோக்கி வளைந்து நீரைச் சொட்டவிடுகின்றன. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளக்கும் சென்சாரின் எண்களை வீட்டிலிருந்தே பார்க்கிறேன். அதை முதல் நாளே வைத்திருந்தால் மே மாதத்திலேயே உண்மை தெரிந்திருக்கும். ஏற்கெனவே பெட்டி வாங்கியவர்கள் ஒரு நண்பகலில் நேரில் போய், விசிறி ஓடுகிறதா என்று தயவுசெய்து பாருங்கள்.