இடைப்பாலினக் குழந்தைக்கு உடனே அறுவை சிகிச்சையா, காத்திருப்பதா?

ஆண், பெண் என்ற வழக்கமான அமைப்பில் அடங்காத பிறப்புறுப்போடு குழந்தை பிறந்தால் பெற்றோர் தவித்துப்போவது இந்தக் கேள்வியில்தான்.

அவசரம்: சிறுநீர் வெளியேற வழியில்லை என்றால் உடனே அறுவை சிகிச்சை வேண்டும், அதில் பேச்சே இல்லை. உடல் உப்பை இழக்கும் அட்ரீனல் (சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி) குறைபாடு என்றால் உயிரைக் காப்பது மருந்து, கத்தி அல்ல. தோற்றத்தை மாற்றுவதற்கு என்ன அவசரம்?

பின்னால் மாற்ற முடியுமா?
உடனே செய்தால்: முடியாது. தழும்பு, உணர்ச்சி இழப்பு, மறுபடியும் அறுவை சிகிச்சை என்று நீளலாம், பாலினச் சுரப்பிகளை (விதைகள், சூலகங்கள் போன்றவை) அகற்றிவிட்டால் ஹார்மோன் மருந்து காலத்துக்கும் தேவைப்படும்.
காத்திருந்தால்: எல்லா வழியும் திறந்தே இருக்கும்.

முடிவு யாருடையது?
உடனே: பெற்றோரும் மருத்துவரும்.
காத்திருந்தால்: அந்த உடலோடு வாழப்போகிறவர். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம்.

சட்டம்: குழந்தைகளுக்கு அவசியமில்லாமல் செய்யும் இந்த அறுவை சிகிச்சையை ஐரோப்பிய நாடான மால்டா 2015-லேயே தடை செய்தது. தமிழ்நாட்டில் 2019-ல் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இதைத் தடை செய்து அரசாணை வந்தது, உயிருக்கு ஆபத்தான நிலைக்கு மட்டும் விலக்கு.

சரி, உறவினர் கேள்விகளை எப்படிச் சமாளிப்பது? கஷ்டம்தான். ஆனால் ஒரு பெயர் வைத்து மகனாகவோ மகளாகவோ வளர்க்க அறுவை சிகிச்சை தேவையே இல்லை.

உயிர், சிறுநீர்ப் பாதை என்றால் உடனே செய்யுங்கள். சில நிலைகளில் சுரப்பியில் புற்றுநோய் அபாயம் உண்டு, அதை மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள். மற்றதற்கெல்லாம் காத்திருங்கள், குழந்தையிடம் வயதுக்கேற்ப உண்மையைச் சொல்லியே வளர்த்து வாருங்கள்.