450 ரூபா விண்டோஸ் கீ: நாலு மாசம் கழிச்சு எழுதுற ரிவ்யூ

எங்க ஜெராக்ஸ் கடை சிஸ்டத்துக்கு ஆன்லைன்ல ஒரு செல்லர்கிட்ட விண்டோஸ் 11 ப்ரோ கீ (விண்டோஸை ஆக்டிவேட் பண்ண போடுற கோட்) வாங்குனேன், 450 ரூபா, லைஃப்டைம்னு போட்டிருந்துச்சு, பணம் கட்டுன பத்தே நிமிஷத்துல மெயில்ல வந்துச்சு, போட்டதும் ஆக்டிவேட்டும் ஆயிடுச்சு. அன்னைக்கே ரிவ்யூ எழுதியிருந்தா அஞ்சு ஸ்டார் குடுத்திருப்பேன். அங்க இருக்குற அஞ்சு ஸ்டார்ல முக்காவாசி அப்படி முதல் நாள் எழுதுனதாத்தான் இருக்கும்.

நாலு மாசம் கழிச்சு ஒரு நாள் காலைல கடை தொறந்தா ஸ்க்ரீன் ஓரத்துல 'ஆக்டிவேட் விண்டோஸ்'. செல்லருக்கு மெசேஜ் போட்டா ரெண்டு நாள் கழிச்சு வேற ஒரு கீ அனுப்புனாரு, அது ஏறவே இல்ல. அப்புறம்தான் கமாண்ட் ப்ராம்ப்ட்ல லைசென்ஸ் எந்த வகைன்னு காட்டுற எஸ்எல்எம்ஜிஆர் ஸ்லாஷ் டிஎல்ஐ கமாண்டை அடிச்சு பாத்தேன் (வாங்குன அன்னைக்கே பாத்திருக்கணும்), வால்யூம் எம்ஏகே சேனல்னு காட்டுச்சு. அதாவது ஏதோ ஒரு கம்பெனியோ காலேஜோ மொத்தமா வாங்குன கீ, இத்தனை தடவதான் ஆக்டிவேட் பண்ணலாம்னு ஒரு கணக்கு உண்டு, அதை வெளிய எடுத்து ஆளாளுக்கு வித்திருக்காங்க. கணக்கு தீந்தாலோ மைக்ரோசாஃப்ட் ப்ளாக் பண்ணாலோ நாம போய் கேக்கவே முடியாது, ஏன்னா லைசென்ஸ் நம்ம பேர்ல இல்லவே இல்ல.

இதோட போயிருந்தா 450 ரூபா போச்சுன்னு விட்டிருப்பேன். மூணாவதா அனுப்புனதுதான் பொறுக்க முடியல. பாஸ்வேர்ட் போட்ட ஜிப், உள்ள கேஎம்எஸ் ஆக்டிவேட்டர், டிஃபெண்டரை (விண்டோஸ் கூடவே வர்ற ஆன்டிவைரஸ்) ஆஃப் பண்ணிட்டு ரன் பண்ணுங்க சார்னு ஒரு மெசேஜ். கேஎம்எஸ்ங்கறது பெரிய ஆபீஸ்ல உள்ளயே சர்வர் வெச்சு ஆக்டிவேட் பண்ற முறை, 180 நாள்தான் செல்லும், அதுக்குள்ள திரும்ப அந்த சர்வர்கிட்ட புதுப்பிக்கணும். இந்த டூல் போலியா ஒரு சர்வரை நம்ம மெஷின்லயே உக்கார வெக்குது. 2021 டிசம்பர்ல ரெட் கேனரிங்கற செக்யூரிட்டி கம்பெனி, இதே மாதிரி ஆக்டிவேட்டரான கேஎம்எஸ்பிகோன்னு சொல்லி சுத்துன இன்ஸ்டாலர்ல கிரிப்ட்பாட்ங்கற மால்வேர் சேந்து வர்றதையும், அது ப்ரவுசர்ல சேவ் பண்ணின பாஸ்வேர்ட், கிரிப்டோ வாலட் எல்லாத்தையும் உருவுறதையும் வெளிய சொன்னாங்க. ஜிப்புக்கு பாஸ்வேர்ட் இருந்தா ஆன்டிவைரஸால உள்ள எட்டிப் பாக்க முடியாது.

என் சிஸ்டத்துல ஊர்க்காரங்க ஆதார், பட்டா, பேங்க் பாஸ்புக் ஸ்கேன் எல்லாம் கிடக்கு, நம்பித்தான குடுத்துட்டு போறாங்க? அந்த ஜிப்பை நான் தொறக்கவே இல்ல, டெலீட் பண்ணிட்டேன். ரீஃபண்ட் வரல, பில்லும் தரல.

கடைசில எனக்கு ரொம்ப வயித்தெரிச்சலான விஷயம், இது அசெம்பிள் பண்ணது இல்ல, பிராண்டட் கம்பெனி மெஷின், விண்டோஸ் ஹோம் எடிஷனோட கீ மதர்போர்டுலயே இருந்திருக்கு. முன்ன சர்வீஸ் பண்ணவரு ஹோமை அழிச்சிட்டு ப்ரோ ஏத்தி குடுத்துட்டாரு. மைக்ரோசாஃப்ட் சைட்லருந்து ஹோம் இறக்கி ஃப்ரெஷ்ஷா போட்டேன், நெட் கனெக்ட் ஆனதும் கீ எதுவும் கேக்காம தானா ஆக்டிவேட் ஆயிடுச்சு.