முட்டையின் ஈரத்தை அறிய விளக்கா, தராசா?

இன்குபேட்டரில் முட்டை வைப்பவர்கள் பலர் குழம்பும் இடம் இது: முட்டையின் அகன்ற முனையில் இருக்கும் காற்றறையை (ஓட்டுக்குள் காற்று நிற்கும் இடம்) வெளிச்சத்தில் பார்த்தால் போதுமா, எடை போட்டே ஆக வேண்டுமா?

கோழிக் கரு வளரும் 21 நாளும் ஓட்டின் நுண்துளைகள் வழியே நீராவி போய்க்கொண்டே இருக்கும். 18ஆம் நாளுக்குள் முதல் எடையில் சுமார் 12 சதவீதம் குறைய வேண்டும், அதாவது 60 கிராம் முட்டை 53 கிராமுக்குப் பக்கத்தில் வர வேண்டும். போன நீரின் இடத்தைக் காற்றறை பிடித்துக்கொள்கிறது. குஞ்சு முதல் மூச்சை இழுப்பது அங்கேதான், அதனால் அது சின்னதாக இருந்தால் ஆபத்து, நீர் அதிகமாகப் போனாலோ ஓட்டின் உள்சவ்வு உலர்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும்.

செலவு
விளக்கு: நல்ல டார்ச் ஒன்று போதும்.
தராசு: 0.1 கிராம் வரை காட்டுவதாக வாங்க வேண்டும்.

துல்லியம்
விளக்கு: கண்மதிப்புதான், பழுப்பு ஓட்டில் அதுவும் மங்கல்.
தராசு: இங்கே இதுதான் ஜெயிக்கிறது. கரு எடுக்கும் ஆக்சிஜனும் விடும் கார்பன் டை ஆக்சைடும் எடையில் கிட்டத்தட்ட சமம், ஆகவே குறைந்த எடை ஏறக்குறைய முழுக்க நீர்தான். என்ன அழகான கணக்கு!

உயிர் இருக்கிறதா
விளக்கு: ரத்த நாளங்கள் கிளை பிரிவதும் கரு துள்ளுவதும் தெரியும்.
தராசு: தெரியாது, செத்த முட்டையும் எடை குறையும்.

வெள்ளை ஓடு, நாலைந்து முட்டை என்றால் விளக்கே போதும். கருமையான ஓடோ, இன்குபேட்டரின் ஈரப்பதத்தைத் திருத்தித் திருத்தி வைக்கும் நிலையோ என்றால் தராசு வாங்கிவிடுங்கள். எடை வேகமாகக் குறைந்தால் ஈரப்பதத்தைக் கூட்டுங்கள், மெதுவாக என்றால் குறையுங்கள். 18ஆம் நாளுக்கு அப்புறம் இரண்டும் வேண்டாம், மூடியைத் திறக்காதீர்கள்.