காசிமேட்டில் வாங்கிய சிவப்பு-பச்சை விளக்கு

படகு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதை இரவில் காட்ட, ஃபைபர் படகின் முனையில் பொருத்தும் 12 வோல்ட் விளக்கு இது. விலை 650 ரூபாய். பெட்டியில் கம்பெனி பெயர் கிடையாது. ‘தண்ணீர் புகாது’ என்பதை மட்டும் பெரிதாக அச்சடித்திருக்கிறார்கள். மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் தம்பியின் படகில் மாட்டினோம். ஆடி பிறப்பதற்குள் அணைந்துவிட்டது. கடைக்காரரிடம் கேட்டால், புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். நல்ல யோசனை, அவருக்கு.

நான்கு திருகுகளைக் கழற்றியதும் கதை தெரிந்துவிட்டது. உள்ளே இருந்த ரப்பர் வளையம் ஒரு பக்கம் மடிந்து கிடந்தது. மாட்டும்போதே அப்படி மாட்டியிருக்கிறார்கள். அந்த இடுக்கு வழியாக உப்புத்தண்ணீர் புகுந்து, கம்பி முனையெல்லாம் பச்சைக் களிம்பு. எல்இடிக்கு ஒன்றும் ஆகவில்லை, பேட்டரியை நேராகத் தொட்டதும் பளிச்சென்று எரிந்தது. களிம்பைச் சுரண்டி, பழைய கம்பிக்குப் பதிலாக வெள்ளீயம் பூசிய கம்பியைப் பற்றவைத்து, புது வளையம் போட்டேன். ரிச்சி தெருவில் 90 ரூபாய்க்குள் முடிந்தது. இடுக்கை அடைக்க மேலே பூசும் சிலிக்கான் பசையில் மட்டும் கவனம் வேண்டும். வினிகர் வாடை அடிக்கிற வகை காயும்போது அமிலத்தைக் கக்கிச் செம்பை அரிக்கும். அமிலமில்லாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

பழைய இழை பல்பு விளக்கு வைத்திருப்பவர்களுக்கு வேறு சங்கதி. அதில் ஏதோ ஓர் எல்இடி பல்பைச் செருகித் தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். இரண்டு நிறமும் நேர் முன்னாலிருந்து அதனதன் பக்கம் 112.5 டிகிரி வரைதான் தெரிய வேண்டும் என்பது 1972ஆம் ஆண்டின் சர்வதேச விதி. இரண்டு நிறமும் பிரிகிற கோடு மெல்லிய இழையை வைத்து அமைத்தது; அது, வெளிச்சம் பரப்பும் எல்இடி வந்ததும் கலங்கிவிடும். எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்கு வரும் கப்பலில் இருப்பவர், நம் படகு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதை இரவில் இந்த நிறங்களை வைத்துத்தான் அறிகிறார். பழுது பார்த்ததும் இருட்டில் கரையில் வைத்துச் சுற்றி நடந்து பாருங்கள்: நேர் எதிரே சிவப்பு முடிந்து பச்சை தொடங்க வேண்டும். வயர்லெஸ்ஸையும் போட்டுக் கேளுங்கள். மலிவு எல்இடி சில சமயம் அதில் இரைச்சலைக் கிளப்பும்.

உயிர்காப்புச் சட்டையின் குட்டி விளக்கை மட்டும் பிரிக்க மாட்டேன். தண்ணீர் பட்டால் தானே எரிய வேண்டியது, எட்டு மணி நேரம் தாங்க வேண்டியது; ஒட்டி மூடிய கூட்டைத் திறந்தால் அதன் வேலை போயிற்று. தேதி முடிந்ததா, புதிது வாங்கிவிடுவேன். அங்கே கணக்குப் பார்ப்பதில்லை.

இந்த 650 ரூபாய் விளக்குக்கு ஐந்தில் இரண்டு மதிப்பெண், அதுவும் அந்த எல்இடிக்காக. வாங்குகிறவர்கள் காசு கொடுப்பதற்கு முன்பே திருகைக் கழற்றி வளையத்தைப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.