ஓஎல்இடியா, எல்இடியா?

'எல்இடி டிவி' என்று விற்பது எல்சிடி திரைதான். பின்னால் எரியும் விளக்கு மட்டுமே எல்இடி. ஓஎல்இடியில் பின்விளக்கே கிடையாது. 4கே திரையின் 3840 x 2160, அதாவது ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகளும் தனித்தனியே எரிந்து தனித்தனியே அணையும்.

இருட்டறையில், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரும் காட்சியைப் போட்டுப் பாருங்கள். எல்சிடியில் எழுத்தைச் சுற்றிச் சாம்பல் பூத்தாற்போல் ஒளி கசியும். ஓஎல்இடியில் எழுத்தின் விளிம்போடு வெளிச்சம் நின்றுவிடும். பக்கவாட்டில் உட்கார்ந்தாலும் நிறம் அவ்வளவாக வெளுக்காது. எல்சிடியில் இது பேனலின், அதாவது திரைப் பலகையின், வகையைப் பொறுத்தது: விஏ வகை என்றால் கறுப்பு நன்றாக இருக்கும், பக்கத்திலிருந்து பார்த்தால் வெளுக்கும், ஐபிஎஸ் வகை நேர்மாறு.

ஓஎல்இடியின் பலவீனம் தேய்மானம். செய்திச் சேனலின் சின்னமும் அடியில் ஓடும் பட்டையும் தினமும் பல மணி நேரம் ஒரே இடத்தில் எரிந்தால், அந்தப் புள்ளிகள் மற்றவற்றுக்கு முன்பே மங்கி, நிழல் நிரந்தரமாகத் தங்கிவிடும். ரிமோட்டில் அணைத்த பிறகுதான் டிவி திரையைச் சரிசெய்துகொள்ளும். உடனே சுவர் ஸ்விட்சையும் அணைத்தால் அந்த வேலை நடக்காது. இது மிக முக்கியம். நாள் முழுக்கச் செய்தி ஓடும் வீட்டுக்கு ஓஎல்இடி வேண்டவே வேண்டாம்.

பகல் வெளிச்சம் நேரே விழும் அறைக்கு மினி எல்இடி எல்சிடி, அதாவது பின்விளக்காக மிகச் சிறிய எல்இடிகள் நிறைய உள்ள எல்சிடி, பொருந்தும். வாங்கும்போது பின்விளக்கு எத்தனை பகுதிகளாகத் தனித்து மங்கும் என்று கேளுங்கள். எண்ணிக்கை கூடக்கூட ஒளிக்கசிவு குறையும்.