ஆர்.வி. வாழ்க்கைக்கு 'ரெசிடென்சி பேக்கேஜ்' வாங்கப் போகிறவர்களே, எங்களுக்குப் போனது 3,150 டாலர்

அமெரிக்காவில் வீட்டை விற்றுவிட்டு ஆர்.வி.யில் (தங்குவதற்கு வசதியுள்ள பெரிய வண்டி) குடியேறலாம் என்று யோசிப்பவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். "தபால் முகவரி, வண்டிப் பதிவு, லைசென்ஸ் வேலை எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜில் முடித்துத் தருகிறோம்" என்று சொல்கிற ஆன்லைன் கடைக்கு மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள். எங்களுக்கு 3,150 டாலர் போய்விட்டது, வண்டியின் ஒரிஜினல் டைட்டிலும் (உரிமைப் பத்திரம்) போய்விட்டது. நேற்றுதான் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) கருவூல அலுவலகத்தில் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. அந்தச் சூட்டோடு எழுதுகிறேன், வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைப் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது ஒரு முடிவுக்கு வரட்டும்.

விவரம் தெரியாதவர்களுக்கு: ஊர் ஊராகச் சுற்றினாலும் ஏதாவது ஒரு மாநிலத்தில் நீங்கள் குடியிருப்பதாகக் காகிதத்தில் இருந்தே ஆக வேண்டும். லைசென்ஸ், வண்டிப் பதிவு, இன்சூரன்ஸ், வரி எல்லாவற்றுக்கும் அந்த முகவரிதான் ஆதாரம். ஆர்.வி.காரர்கள் பெரும்பாலும் சவுத் டகோட்டா, டெக்சஸ், ஃப்ளோரிடா இந்த மூன்றில் ஒன்றைப் பிடிப்பார்கள். மூன்றிலும் மாநில வருமான வரி கிடையாது. நாங்கள் கலிஃபோர்னியாவிலிருந்து கிளம்பியவர்கள். சவுத் டகோட்டாவில் ஒரு கேம்ப்கிரவுண்டில் ஓர் இரவு தங்கிய ரசீதும் அங்கே ஒரு தபால் பெட்டி முகவரியும் (நம் கடிதங்களை வாங்கி வைத்து அனுப்பித் தரும் தனியார் கடையின் பெட்டி) இருந்தால் லைசென்ஸுக்குப் போகலாம், வண்டிக்கும் வரி 4 சதவீதம்தான். அதனால் அதையே எடுத்தோம்.

வண்டி அரிசோனாவில் ஒரு வயதான தம்பதியிடம் வாங்கியது. பழைய கிளாஸ் சி மோட்டார்ஹோம், 58,000 டாலர். அந்த மாநிலத்தில் நம்பர் பிளேட் விற்றவரிடமே தங்கிவிடும். தற்காலிகப் பர்மிட்டை ஒட்டிக்கொண்டு கிளம்பினோம், அதற்குள் சவுத் டகோட்டா பிளேட் வந்துவிடும் என்ற நம்பிக்கையில்.

அந்தக் கடைக்காரனை எப்படி நம்பினோம் என்று கேட்பீர்கள். தபால் பெட்டி எடுக்கத் தபால் துறையின் 1583 படிவம் போட வேண்டும், இரண்டு அடையாள அட்டை காட்ட வேண்டும். நம் ஆட்களுக்குத்தான் பெயர்ச் சிக்கல் தெரியுமே. என் வீட்டுக்காரருக்குப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், லைசென்ஸில் வெறும் இனிஷியல், கிரீன் கார்டில் வேறு வரிசை. வீடியோ காலில் வந்த அந்த ஆள் மூன்றையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இப்படியே போட்டால் திருப்பி அனுப்புவார்கள் மேம், இந்தப் பெட்டியில் இதை எழுதுங்கள்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தான். இத்தனை வருஷத்தில் எந்த அலுவலகத்திலும் யாரும் எங்களுக்காக உட்கார்ந்து அதைப் பிரித்துக் கொடுத்ததில்லை. நான் அங்கேயே விழுந்துவிட்டேன்.

அப்புறம் சாவகாசமாக அடுத்ததை எடுத்தான். "வண்டி வரி 2,320, எங்கள் சர்வீஸ் 830, மொத்தம் 3,150. வரியையும் எங்களிடமே கட்டிவிட்டால் டைட்டிலோடு சேர்த்து ஒரே உறையில் கவுண்டிக்குப் போய்விடும். கார்டில் கட்டினால் 3 சதவீதம் கூட வரும், வங்கியிலிருந்தே அனுப்புங்கள், உங்களுக்கு மிச்சம்." ஆமாம், மிச்சம்!

பணம் போன அன்றோடு அந்த முகம் காணாமல் போனது. கூப்பிட்டால் வாய்ஸ்மெயில். மெயில் போட்டால் "ஸ்டேட்டில் பேக்லாக்". அடுத்து வேறொரு பெண், "உங்கள் ஃபைல் ப்ராசஸிங்கில் இருக்கிறது" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு நாள் நாங்கள் போட்ட டிக்கெட்டையே (உதவிக் கோரிக்கையை) மூடிவிட்டு, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று மெயில் வந்தது. நான் கத்தியதில் பக்கத்து வண்டியில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். அதற்கும் அப்புறம், டைட்டிலே தங்களுக்கு வரவில்லை என்றார்கள். கூரியரில் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறான், பெயரோடு இருக்கிறது. அதைக் காட்டியதும் பேச்சு ரீஃபண்டுக்கு மாறியது: அரசுக் கட்டணங்கள் திருப்பித் தரப்பட மாட்டாதாம். அரசுக்குக் கட்டாத அரசுக் கட்டணம்!

இதற்குள் பர்மிட் முடிந்துவிட்டது. வண்டியை நெப்ராஸ்காவில் ஒரு பார்க்கில் போட்டுவிட்டு வாடகை அழுதுகொண்டிருக்கிறோம். இன்சூரன்ஸ்காரர்கள் பதிவு நகல் எங்கே என்று கேட்கிறார்கள். வீட்டுக்காரரின் கிரீன் கார்டு புதுப்பிப்புக்குக் கைரேகை அழைப்பு அனுப்பிவிட்டதாகக் குடியேற்றத் துறை இணையதளம் காட்டுகிறது. அந்தக் கடிதமும் அந்தத் தபால் பெட்டியில்தான் கிடக்கிறது, அனுப்பித் தொலைக்க மாட்டேன் என்கிறார்கள்.

கடைசியில் பின்னால் இழுத்து வரும் காரை எடுத்துக்கொண்டு நேரே கவுண்டி கருவூல அலுவலகத்துக்கே போனோம். கவுன்ட்டரில் இருந்த அம்மா வண்டியின் அடையாள எண்ணைத் (விஐஎன்) தட்டிவிட்டு, திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். விண்ணப்பம் என்று ஒன்றுமே இல்லை. வண்டி வாங்கி 45 நாளுக்குள் பதிய வேண்டும், அதுவும் தாண்டிவிட்டது. ஆக அதே 2,320-ஐ அபராதத்தோடு நாங்கள் மறுபடியும் கட்ட வேண்டும். அதற்கும் டைட்டில் வேண்டுமே! அரிசோனாவில் விற்றவர்தான் டூப்ளிகேட் எடுத்து மறுபடியும் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பெரியவருக்கு எண்பது தாண்டிவிட்டது. போனில் கேட்கவே வாய் வரவில்லை. கேட்டேன். "வியாழக்கிழமை போகிறேன் அம்மா" என்றார்.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை, அவசரத்துக்கு இது. தபால் பெட்டி வேறு, வண்டிப் பதிவு வேறு, இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுக்காதீர்கள். வரியை கவுண்டி பெயரிலேயே செக் போட்டு நீங்களே அனுப்புங்கள், டைட்டிலும் அங்கே மட்டும்தான் போக வேண்டும். கடைக்குக் கட்டுவதைக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், 3 சதவீதம் போனால் போகட்டும். கிரீன் கார்டுக்காரர்கள் முகவரி மாறியதை 10 நாளுக்குள் ஏஆர்-11 படிவத்தில் சொல்லியே ஆக வேண்டும், ஆனால் தபால் முகவரியாகப் பிள்ளை வீட்டையோ நம்பகமான சொந்தக்காரர் வீட்டையோ கொடுங்கள். ஓர் இரவு ரசீதைக் காட்டினால் கலிஃபோர்னியா வரித்துறை விட்டுவிடும் என்று அவன் சொன்னதும் பொய். அது லைசென்ஸுக்கு மட்டும்தான். வீடு, குடும்பம், வேலை எல்லாம் எங்கே இருக்கிறது என்று அவர்கள் தனியாகப் பார்ப்பார்கள்.

சவுத் டகோட்டா அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவிலும் தபால் புலனாய்வுத் துறையிலும் புகார் போட்டாயிற்று. பேக்கேஜ் என்று இதே மாதிரி பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள் இன்றைக்கே கவுண்டிக்குப் போன் போட்டு விஐஎன்னைச் சொல்லிக் கேளுங்கள். பதிவு இல்லை என்றால் தனிச்செய்தியில் எனக்கு எழுதுங்கள், புகார் எண் தருகிறேன்.